பதிவேட்டில் ஏறாத வீரம்

நீலகிரியின் கீழ் கோத்தகிரியில் ஓய்வுபெற்று வாழும் ஒரு முன்னாள் படைவீரர், தன் ராணுவப் பதிவில் உள்ள பிழையைத் திருத்த நினைத்தால் எங்கே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். பஸ் ஏறிக் கோத்தகிரி, அங்கிருந்து குன்னூர், அதை ஒட்டியே வெலிங்டன். மதராஸ் ரெஜிமென்டில் இருந்தவர் என்றால் அவருடைய கோப்பு அந்த ரெஜிமென்டின் ரெகார்ட் ஆபீஸில் இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். மகளின் பிறந்த தேதி விட்டுப்போயிருக்கலாம். ஆதாரில் ஒரு பெயரும் பென்ஷன் ஆணையில் வேறொரு பெயரும் இருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் உண்டு, இணைக்க வேண்டிய சான்றுகள் உண்டு, முடிவில் ‘பார்ட் டூ ஆர்டர்’ என்கிற ஆணையும் உண்டு. அலைச்சல்தான், ஆனாலும் வழி இருக்கிறது.

“இன்ன நாளில் இன்ன முகட்டில் நான் செய்தது காகிதத்தில் ஏறவில்லை, அதைச் சேருங்கள்” என்று அதே மனிதர் கேட்டால், அதை வாங்கிக்கொள்ள எந்த மேசையும் இல்லை. வீர விருது, எழுதப்பட்ட வீரத்துக்குத் தரப்படுவது. எழுதப்படாமல் போனதும் தவறாக எழுதப்பட்டதும் பிறகு எப்படி வெளியே வருகின்றன, யார் குரல் கொடுத்தால் வருகின்றன என்று பார்த்தால், நம் நாட்டு வரலாற்றில் சில நிகழ்வுகள் மிகத் தெளிவாகவே பதில் சொல்கின்றன.

நீலகிரிக்கு வடமேற்கே இருக்கும் குடகு மண்ணைச் சேர்ந்தவர் ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்ய தேவய்யா. 1965 செப்டம்பர் 7 அதிகாலையில் பஞ்சாபின் ஆதம்பூர் தளத்திலிருந்து விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன், பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கக் கிளம்பியது. மிஸ்டேர் ரகப் போர் விமானங்கள் 12. யாராவது கிளம்ப முடியாமல் போனால் மட்டும் சேர்ந்துகொள்ள வேண்டிய மாற்று விமானிகளில் ஒருவராகத் தேவய்யா இருந்தார். சேர்ந்தார், திரும்பவில்லை. ‘காணாமல் போனவர்’ என்பதோடு பதிவு நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று சொல்ல இந்தியத் தரப்பில் கண்ணால் கண்ட ஒருவர்கூட இல்லை.

நடந்ததைப் பதினான்கு ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பின் வரலாறே சொன்னது. பாகிஸ்தான் விமானப்படையின் ஒத்துழைப்போடு பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃபிரிக்கர் எழுதிய நூல் 1979இல் வெளியானது. சர்கோதா அருகே ஒரு மிஸ்டேர் விமானத்துடன் நடந்த வான்சண்டையில் தங்கள் ஸ்டார்ஃபைட்டர் ஒன்றை இழந்ததாகவும், அதன் விமானி அம்ஜத் ஹுசைன் பாராசூட்டில் குதித்துத் தப்பியதாகவும் அதில் இருந்தது. ஸ்டார்ஃபைட்டர் ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகம் போகக்கூடியது. மிஸ்டேரோ ஒலிவேகத்துக்குக் கீழே பறப்பது. அடிபட்ட பிறகும் அந்த மிஸ்டேர் விலகிப் போகாமல் திரும்பி வந்து மோதியிருக்கிறது. யார் அந்த விமானி? அந்த அணியில் திரும்பாதவர் ஒருவர்தான்.

அன்று அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கியவர் விங் கமாண்டர் ஓ.பி. தனேஜா. செய்தி தெரிந்ததும் சும்மா இருக்காமல் விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதி, தேவய்யாவுக்கு உரியது தரப்பட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1988இல், சண்டை நடந்து 23 ஆண்டுகள் கழித்து, தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. மனைவி சுந்தரி அதைப் பெற்றுக்கொண்டார்.

இந்தக் கதையைப் பெருமிதத்தோடு சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு இதில் கவலை தரும் பகுதிதான் பெரிதாகத் தெரிகிறது. எதிரி தன் இழப்பை ஒப்புக்கொண்டு எழுதியிருக்காவிட்டால்? அந்தப் புத்தகம் இந்தியர் கைக்கு வராமல் போயிருந்தால்? தனேஜா அதற்குள் காலமாகியிருந்தால்? இந்த மூன்றில் ஒன்று தவறியிருந்தாலும் தேவய்யா இன்றும் ‘காணாமல் போனவர்’தான். திருத்தத்தை நடத்திக் கொடுத்த நிலையான விதி எதுவும் இல்லை. ஒரு மூத்த அதிகாரியின் மனசாட்சியும் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றும் சேர்ந்து நடத்தின.

சாதாரணமாக ஒரு விருது எப்படி உருவாகிறது என்பதையும் பார்த்துவிடலாம். சண்டை ஓய்ந்ததும் பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர் பரிந்துரை எழுதுகிறார். நேரில் கண்டவர்களின் வாக்குமூலம் அதோடு சேர்கிறது. அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட் என்று ஒவ்வொரு படியாக ஏறி ராணுவத் தலைமையகத்துக்கும் பாதுகாப்பு அமைச்சகத்துக்கும் போகிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் பிறகு கெசட்டில் வருகிறது. எந்தப் படியிலும் அதன் தரத்தைக் குறைக்கலாம். மகாவீர் சக்ராவுக்குப் போனது வீர் சக்ராவாகலாம், சேனா பதக்கமாகலாம், ஒன்றும் இல்லாமலும் போகலாம். ஏன் குறைந்தது என்பது அந்த வீரருக்குச் சொல்லப்படுவதில்லை. தனக்காக ஒரு பரிந்துரை போனது என்பதே பலருக்குத் தெரியாது.

இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம், கண்டவர் உயிரோடு இருப்பது. காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து போன சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிக்னானோவில், உடனிருந்தவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போகும் கண்ணிவெடி மேல் தன் உடலைக் கிடத்தி உயிரைக் கொடுத்தார். அவரால் பிழைத்தவர்கள் இருந்தார்கள். சில மாதங்களிலேயே ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. இதே நீலகிரி மலையில் கடைசிக் காலத்தைக் கழித்து 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் மிலிட்டரி கிராஸும் இப்படித்தான். 1942 பிப்ரவரியில் பர்மாவின் சித்தாங் ஆற்றுப் பக்கம் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து கிடந்தவரிடம், ஜெனரல் கோவன் தன் சட்டையிலிருந்த அந்தப் பதக்கத்தின் ரிப்பனையே கழற்றிக் குத்தினார் என்பார்கள். இறந்தவருக்கு அந்தப் பதக்கம் தரும் வழக்கம் அப்போது இல்லை. பிழைப்பார் என்ற நம்பிக்கை கோவனுக்கு இல்லை. மானெக்‌ஷாவைத் தூக்கிச் சுமந்து வந்து பிழைக்கவைத்தவர் ஆர்டர்லி ஷேர் சிங். ஜெனரல் ஒருவர் நேரில் கண்டதால் மானெக்‌ஷாவின் பதிவு அன்றைக்கே சரியாக அமைந்தது. எத்தனை சிப்பாய்களுக்கு அருகில் ஒரு ஜெனரல் நின்றிருப்பார்?

1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லா கணவாயில், பதினாறாயிரம் அடி உயரத்தில், 13ஆம் குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனி கிட்டத்தட்ட முழுவதும் அழிந்தது. மேஜர் ஷைதான் சிங்கும் அவரோடு நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் இறந்தார்கள். தப்பி வந்த ஒரு சிலர், கடைசித் தோட்டாவரை சுட்டோம், பிறகு கைகலந்தோம் என்றார்கள். அதை நம்பத் தயங்கியவர்கள் இருந்தார்கள். தோற்ற போரில் பிழைத்து வந்தவனின் வார்த்தைக்கு என்ன மதிப்பு? அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஆட்டிடையர் ஒருவர் அந்தப் பக்கம் போனபோதுதான், துப்பாக்கியைப் பிடித்த கையோடு பனியில் உறைந்து கிடந்த உடல்களைக் கண்டார். பிழைத்தவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் உடல்கள் கிடந்த கிடை உறுதிப்படுத்தியது. ஷைதான் சிங்குக்குப் பரம் வீர் சக்ராவும் பலருக்கு வீர் சக்ராவும் கிடைத்தன. அது வெப்பக் காட்டில் நடந்த சண்டையாக இருந்திருந்தால் சாட்சி சொல்ல உடல்களும் மிஞ்சியிருக்காது.

கண்டவர் இருந்தும், எழுதியவரே மாற்றி எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவில் நீதிமன்றத் தீர்ப்போடு கூடிய வழக்கே இருக்கிறது. 1999 கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் போரிட்டது 70ஆம் காலாட்படை பிரிகேட். அதன் தளபதி பிரிகேடியர் தேவிந்தர் சிங். நமக்கு அந்தப் பகுதி இன்னொரு காரணத்தால் நெருக்கமானது. திருச்சியைச் சேர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், 1ஆம் பிகார் பட்டாலியனின் அதிகாரி, மே மாத இறுதியில் விழுந்தது பட்டாலிக்கின் ஜுபார் முகட்டில்தான். ஒரு மாதத்துக்கும் மேல் அவருடைய உடலை மீட்க முடியவில்லை. மறைவுக்குப் பின் வீர் சக்ரா பெற்றார்.

போர் முடிந்த பிறகு தேவிந்தர் சிங்குக்குக் கிடைத்தது விசிஷ்ட சேவா பதக்கம். அது சிறப்பான சேவைக்கானது, போர்க்களத் தலைமைக்கானது அன்று. ஆண்டு ரகசிய அறிக்கையில் மதிப்பெண் குறைந்தது, மேஜர் ஜெனரல் பதவி உயர்வு நின்றது. போர் தொடங்குமுன் நடந்த பயிற்சியிலேயே ஊடுருவல் எந்த அளவில் வரும் என்று தான் எச்சரித்ததாகவும், போர் அறிக்கையில் தன் பிரிகேடின் பங்கு குறைக்கப்பட்டு வேறொருவர் கணக்கில் எழுதப்பட்டதாகவும் அவர் சொன்னார். பத்தாண்டுக்கும் மேல் போராடினார். 2010 மே மாதம் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் டெல்லி முதன்மை அமர்வு, போரின்போது 15ஆம் கோரின் தலைவராக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் கிஷன் பால் பாரபட்சத்தோடு நடந்துகொண்டார் என்று கண்டு, ரகசிய அறிக்கையின் பகுதிகளை நீக்கச் சொன்னது. போர் பற்றிய அதிகாரபூர்வப் பதிவையும் திருத்தச் சொன்னது. சுதந்திர இந்தியாவில் ஒரு போரின் ராணுவப் பதிவு தவறு என்று நீதி அமைப்பு ஒன்று சொல்லித் திருத்தச் சொன்னது மிக அரிது.

அந்த வெற்றிக்கு என்னென்ன தேவைப்பட்டன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வழக்கைத் தொடுத்தவர் ஒரு பிரிகேடியர். வரைபடமும் செய்தித்தொடர்புப் பதிவுகளும் தெரிந்தவர், ஆங்கிலத்தில் வாதத்தை எழுதக்கூடியவர், டெல்லியில் வழக்கறிஞர் வைக்கக்கூடியவர். இத்தனை இருந்தும் பதினோரு ஆண்டு. கீழ் கோத்தகிரியின் ஒரு படுகர் ஹட்டியிலிருந்தோ தேயிலைத் தோட்ட லயன் வீட்டிலிருந்தோ பட்டாளத்துக்குப் போய் நாயக்காகவோ ஹவில்தாராகவோ திரும்பியவர் இதில் எதை வைத்துத் தொடங்குவார்?

நீலகிரிக்கு இந்த விஷயத்தில் இன்னொரு பழைய காயமும் உண்டு. ஒரு தனி மனிதரின் பதிவு தவறாவது ஒருபுறம். ஒரு மக்கள் கூட்டத்தின் பதிவையே மொத்தமாக மாற்றி எழுதிய காலமும் இருந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடரிக் ராபர்ட்ஸ் ஊட்டியில் வசித்தவர். தென்னாட்டுச் சிப்பாய்கள் போருக்கு லாயக்கற்றவர்கள், வடமேற்கின் ‘போர்ச் சாதி’களே உகந்தவர்கள் என்ற கொள்கையை அவரைவிட உறுதியாகப் பரப்பியவர் இல்லை. 1758 முதல் வரலாறு கொண்ட மதராஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு, 1920களின் இறுதியில் மதராஸ் காலாட்படை என்ற பெயரே இல்லாமல் போனது. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியில்தான் மறுபடி எழுப்பினார்கள். தமிழ்ச் சிப்பாய் களத்தில் என்ன செய்தார் என்பதைக் களத்தைப் பார்க்காமலே தீர்மானித்த அந்தக் கொள்கைக்கு இந்த மலையே ஒரு தலைமையிடமாக இருந்தது. இன்று அதே மலையில் மதராஸ் ரெஜிமென்டின் மையம் நிற்பது எனக்கு நிறைவு தருகிறது.

மறுபக்கத்தையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பழைய கதைகளைத் திறந்தால் பொய்யும் உள்ளே வரும் என்ற பயம் வெறும் சாக்கு அன்று. 2003இல் சியாச்சினில் எதிரிகளைக் கொன்றதாகப் போலிக் காட்சிகளைப் படம்பிடித்து விருதுக்கு அனுப்பிய விவகாரம் ராணுவ நீதிமன்றம் வரை போனது. நல்லெண்ணத்தோடும் தவறு நடக்கும். கார்கில் போரில் டைகர் ஹில்லில் போராடிய 18ஆம் கிரெனேடியர்ஸ் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம் வீர் சக்ரா அறிவித்தபோது, இறந்தவருக்கான விருதாக அறிவித்துவிட்டார்கள். பத்தொன்பது வயதான அவர் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார்; இறந்தவர் அதே பெயர் கொண்ட இன்னொருவர். நாட்டின் மிக உயர்ந்த விருதிலேயே பெயர்க் குழப்பம் நடக்குமானால், கீழ்ப் படிகளில் நடந்திருக்காது என்று யார் உறுதி தருவது? பொய் வரும் என்ற பயத்துக்கு மருந்து கதவைச் சாத்துவது ஆகாது. சாட்சியத்தைச் சோதிக்கத் தெரிந்த ஒரு குழுவை அங்கே உட்கார வைக்க வேண்டும்.

இப்போது இருக்கும் வழிகள் இரண்டு. ராணுவச் சட்டத்தின் 26ஆம் பிரிவு மற்ற வீரர்களுக்கும் 27ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் குறைதீர்ப்பு மனு கொடுக்கும் உரிமை தருகின்றன. ஆனால் மனுவைப் பரிசீலிப்பது அதே படிநிலைதான். அடுத்தது, 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நம் மாநிலத்தவர்கள் அதன் சென்னை அமர்வை நாடலாம். அங்கே காலவரம்பு பெரிய தடை: இறுதி ஆணை வந்ததிலிருந்து ஆறு மாதம். தாமதத்தைத் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். அதற்குக் காரணம் காட்ட வேண்டும். அதோடு, விருது என்பது உரிமையாகக் கேட்டுப் பெறக்கூடியது அன்று என்பதால், நீதிபதிகள் தாங்களே விருது வழங்கத் தயங்குவார்கள். மறுபரிசீலனை செய் என்று சொல்வதே அதிகபட்சம். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. சண்டையின் தரத்தை எடைபோட நீதிமன்றம் ஏற்ற இடம் அன்று. அதனால்தான் அதற்கென்றே ஓர் இடம் வேண்டும் என்கிறேன்.

மற்ற நாடுகள் அந்த இடத்தை உருவாக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே வாரியங்கள் வந்தன. உறுப்பினர்கள் சிவிலியன்கள். ஒரு படிவத்தை நிரப்பி எந்தச் சிப்பாயும், இறந்தவர் என்றால் அவர் குடும்பமும், கேட்கலாம். மூன்று ஆண்டு வரம்பு உண்டு. நியாயம் கோரினால் அதைத் தளர்த்தும் அதிகாரமும் வாரியத்துக்கே உண்டு. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் பகுதியிலிருந்த ராணுவ ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. அதன் பிறகு சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, நண்பர்களின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றை வைத்து ஒருவரின் சேவையை மறுபடி கட்டியெழுப்பும் முறையை அங்கே வளர்த்துக்கொண்டார்கள். அசல் இல்லை என்பதற்காக மனிதரைத் திருப்பி அனுப்புவதில்லை.

ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், ராணுவ விருதுகளுக்கு மட்டுமே ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வைத்திருக்கிறது. எட்வர்டு ஷீன் என்ற பதினெட்டு வயதுக் கடற்படை வீரர், 1942 டிசம்பர் 1 அன்று ஆர்மிடேல் என்ற கப்பல் மூழ்கும்போது, காயத்தோடு தன்னைத் துப்பாக்கியோடு கட்டிக்கொண்டு, தண்ணீரில் மிதந்த தோழர்களைச் சுட்ட ஜப்பானிய விமானங்களை நோக்கிச் சுட்டபடியே கப்பலோடு போனார். அன்று கிடைத்தது வெறும் குறிப்பு அளவிலான பாராட்டு. குடும்பம் விடவில்லை. தீர்ப்பாயம் 2019இல் விக்டோரியா கிராஸ் தரப் பரிந்துரைத்தது. அரசு முதலில் மறுத்தது. பிறகு நிபுணர் குழு ஒன்றை வைத்துப் பார்த்து ஒப்புக்கொண்டது. 2020இல், 78 ஆண்டு கழித்து, அது வழங்கப்பட்டது. தீர்ப்பாயம் எழுத்தில் காரணம் சொல்லியிருந்ததால்தான் அரசு மறுத்தபோதும் விவாதம் உயிரோடு இருந்தது.

நம்மிடம் இதற்கான கச்சாப் பொருள் இருக்கிறது. 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கையை அறிவித்தது: போர்க் குறிப்பேடுகள், கடிதங்கள், நடவடிக்கைப் பதிவுகள் ஆகியவை அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு மாற்றப்பட வேண்டும், சாதாரணமாக 25 ஆண்டுகளில் ரகசியம் நீக்கப்பட வேண்டும். அந்தக் கணக்கில் 1962, 1965, 1971 எல்லாம் எப்போதோ தாண்டிவிட்டன. கார்கிலும் 2024இல் தாண்டிவிட்டது. ஒரு முன்னாள் வீரர் தன் பட்டாலியனின் குறிப்பேட்டில் குறிப்பிட்ட ஒரு நாளின் பக்கத்தைக் கேட்டால், அதன் நகல் அவர் கைக்கு வர வேண்டும். தனக்காகப் பரிந்துரை போயிருந்தால் அது எந்தப் படியில், என்ன காரணத்தால் நின்றது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மறுஆய்வு வாரியத்துக்குத்தான் சட்டம் வேண்டும்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், போர் வரலாறு தெரிந்த ஒருவர், சிப்பாயாக இருந்து உயர்ந்த ஜே.சி.ஓ. ஒருவர், தாய்மொழியில் எழுதிய மனுவை வாங்கும் ஏற்பாடு.

விருது கிடைத்தால் வரும் பணத்துக்காக இது என்று யாரும் எண்ண வேண்டாம். 2017இல் இரட்டிப்பாக்கிய பிறகும் வீர் சக்ராவுக்கு மத்திய அரசின் மாதாந்திரப் படி 7,000 ரூபாய், மகாவீர் சக்ராவுக்கு 10,000. சிறு தேயிலை விவசாயி வீட்டில் அது சின்னத் தொகை இல்லைதான். ஆனால் கேட்பவர்கள் பெரும்பாலும் கேட்பது அதை அன்று. உடன் விழுந்த தோழனின் பெயரும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே பலர் கேட்கிறார்கள். தனேஜா கேட்டதும் தனக்காக அல்லவே.

அவசரம் வேறு இருக்கிறது. 1971இல் இருபது வயதில் இருந்தவர் இப்போது எழுபதைத் தாண்டியவர். 1965இல் களத்தில் இருந்தவர் எண்பதைத் தாண்டியவர். சாட்சிகள் ஆண்டுதோறும் குறைகிறார்கள். எனவே வாரியம் வரும்வரை காத்திருக்க முடியாது. ஊட்டியில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், கோத்தகிரியிலும் கீழ் கோத்தகிரியிலும் சோலூர்மட்டத்திலும் நாள் குறித்து உட்கார்ந்து, விருப்பமுள்ள ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் தமிழிலோ படுக மொழியிலோ குரல்பதிவாக எடுத்து, கம்பெனி, பிளாட்டூன், தேதி, இடம், உடனிருந்தவர்கள் பெயர் ஆகியவற்றோடு எழுத்தாக்கி, நோட்டரி முன் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரவர் ரெஜிமென்டின் ரெகார்ட் ஆபீஸில் அந்த வீரரின் சொந்தக் கோப்போடு சேர்க்கலாம். ஒரு மாவட்டத்தில் தொடங்கினால் போதும். இரண்டு பேர் தனித்தனியே சொன்னது ஒத்துப்போனால், அது எந்த நாட்டு வாரியத்திலும் எடுபடும் சாட்சியம்.